வைரத்தின் மேல் கிராஃபைட் தடம் சரியாக விழவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

வைரமும் கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான். மேலே எதையும் பூச வேண்டியதில்லை. அதிவேக லேசர் பல்ஸ்களைச் சரியான அளவில் செலுத்தினால் வைரத்தின் மேற்பரப்பே கிராஃபைட்டாக மாறிவிடும். மாறிய இடம் மின்சாரம் கடத்தும், மாறாத இடம் கடத்தாது. செர்ன் ஆய்வகத்தின் ஆர்டி42 கூட்டுக்குழு இதே வழியில் வைரத்துக்குள் கிராஃபைட் கம்பிகள் எழுதி முப்பரிமாணத் துகள் உணரிகள் செய்திருக்கிறது. மேற்பரப்பில் எழுதுவது அதைவிட எளிதாகத் தோன்றும். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் திணறுவது அங்கேதான், ஏனென்றால் கல் கருத்துவிட்டாலே கிராஃபைட் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். புகைக்கரியும் கருப்புதான். வெடித்துப் பெயர்ந்த குழியும் கருப்பாகத்தான் தெரியும். எது எதனால் வந்தது என்று அறிகுறியை வைத்துப் பிரித்தறிவதற்குத்தான் இந்தக் குறிப்பு.

ஒரு குறிப்பிட்ட அமைப்பை மனதில் வைத்தே எழுதுகிறேன்: 1030 நானோமீட்டரில் 300 ஃபெம்டோசெகண்ட் பல்ஸ் தரும் இட்டர்பியம் லேசர், கால்வோ ஸ்கேனர் (வேகமாகத் திரும்பும் கண்ணாடிகளால் ஒளிக்கற்றையை நகர்த்தும் கருவி), இருபக்கமும் பாலிஷ் செய்த அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிவிடி (வாயுவிலிருந்து படியவைத்து வளர்த்த) ஒற்றைப்படிக வைரத் தகடு. தடம் முன்பக்கத்தில் விழ வேண்டும். 800 நானோமீட்டர் டைட்டானியம்-சஃபையர் லேசர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். மாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன் பாதுகாப்பு. 1030 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் செய்த வைரம் நேராக விழும் ஒளியில் 17 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அது உங்கள் கண்ணுக்கும் ஆபத்து, வந்த வழியே திரும்பிப் போனால் லேசருக்கும் ஆபத்து. அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியை அணியுங்கள். பாதையில் ஐசோலேட்டர் (திரும்பி வரும் ஒளியைத் தடுக்கும் கருவி) இல்லையென்றால் தகட்டை ஓரிரு டிகிரி சாய்த்து வையுங்கள்.

முதல் பல்ஸ் வேறு, பத்தாவது பல்ஸ் வேறு

வைரத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலெக்ட்ரான் விடுபடத் தாண்ட வேண்டிய ஆற்றல், 5.47 எலெக்ட்ரான் வோல்ட். 1030 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றிடம் இருப்பது 1.2 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அதனால் ஐந்து ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் ஓர் எலெக்ட்ரானைக் கிளப்ப முடியும். 800 நானோமீட்டரில் நான்கு போதும், 515-ல் மூன்று. ஒளிச்செறிவு கொஞ்சம் குறைந்தாலும் உட்கவர்தல் அடியோடு விழுந்துவிடுவதும், தகடு வெறும் கண்ணாடி போல ஒளியைக் கடத்திவிடுவதும் இதனால்தான்.

ஒரு மெல்லிய படலம், சில பத்து நானோமீட்டர் அளவுக்கு, கிராஃபைட்டாக மாறிய பிறகு நிலைமை தலைகீழ். கிராஃபைட் ஒற்றை ஃபோட்டானையே விழுங்கும். அடுத்து வரும் பல்ஸ் வைரத்தைப் பார்ப்பதே இல்லை, கரியைத்தான் பார்க்கிறது. தொடங்கிவைக்க நிறைய ஆற்றல் வேண்டும், தொடர்ந்து நடத்தக் குறைவாகவே வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கும் மேல் இந்த ஒரு வித்தியாசத்தில் போய்த்தான் முடியும். ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது: கோளாறு தொடக்கத்திலா, தொடர்ச்சியிலா?

அறிகுறி: எவ்வளவு சுட்டாலும் கல் கருக்கவே இல்லை

லேசரின் திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். ஆற்றலைக் கல் இருக்கும் இடத்தில், கடைசி லென்ஸுக்குப் பிறகு அளந்து பாருங்கள். பவர் மீட்டர் காட்டும் சராசரித் திறனைப் பல்ஸ் வீதத்தால் வகுத்தால் ஒரு பல்ஸின் ஆற்றல் கிடைக்கும். அதை இரண்டால் பெருக்கி, ஒளிப்புள்ளியின் பரப்பால், அதாவது பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கத்தால், வகுத்தால் நடுப்பகுதியின் உச்ச ஃப்ளூயன்ஸ் (ஓர் அலகுப் பரப்பில் விழும் ஆற்றல்). ஆரம் 10 மைக்ரான், ஆற்றல் 5 மைக்ரோஜூல் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 3.2 ஜூல் வரும். நல்ல ஒற்றைப்படிகத்தில் ஒற்றைப் பல்ஸால் மாற்றம் தொடங்க ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில ஜூல்கள் தேவைப்படும். பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு காத்திருந்தால் எதுவும் நடக்காது.

ஆரம் 10 மைக்ரான் என்று எப்படித் தெரியும்? லென்ஸின் விவரத்தாளை வைத்துச் சொன்னால் ஏமாற்றம்தான். ஜே. எம். லியூ 1982-ல் வெளியிட்ட முறை இன்றும் நல்ல வழி. வெவ்வேறு ஆற்றல்களில் ஒற்றைப் பல்ஸ் அடித்து, விழுந்த வடுக்களின் விட்டத்தை அளந்து, விட்டத்தின் வர்க்கத்தை ஆற்றலின் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு கிடைக்கும். இயல் மடக்கை எடுத்திருந்தால் அதன் சாய்வு ஆரத்தின் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்கு. கோடு பூஜ்ஜியத்தைத் தொடும் இடம் வாசல் மதிப்பு, அதாவது மாற்றம் தொடங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல். இதை முதலில் ஒரு சிலிக்கான் துண்டில் செய்து ஆரத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகு வைரத்துக்கு வாருங்கள். வைரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஆற்றல் சரியாக இருந்தும் கருக்காவிட்டால் ஃபோக்கஸைப் பாருங்கள். 10 மைக்ரான் ஆரத்துக்கு 1030 நானோமீட்டரில் ஃபோக்கஸின் ஆழம் இரு பக்கமும் சுமார் 300 மைக்ரான், கொஞ்சம் தாராளம்தான். 5 மைக்ரான் ஆரத்துக்குப் போனால் அது 76 மைக்ரானாகச் சுருங்கிவிடும். வைரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. கேமராவில் பார்க்கும்போது முன்பரப்பும் பின்பரப்பும் இரண்டுமே கூர்மையாக வரும். ஒளிவிலகல் எண் 2.4 என்பதால் அரை மில்லிமீட்டர் தகட்டின் பின்பரப்பு 0.21 மில்லிமீட்டர் கீழேயே இருப்பதுபோல் தெரியும். ஸ்டேஜைக் கொஞ்சம் நகர்த்தினாலே பின்பரப்பின் தூசி ஃபோக்கஸுக்கு வந்துவிடும், அதையே முன்பரப்பு என்று எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. மேலிருந்து கீழே வரும்போது முதலில் கூர்மையாகும் பரப்புதான் உங்களுக்கு வேண்டியது. ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது. வேலை தொடங்குமுன் அதைத் துடைத்துவிடுங்கள்.

100 ஃபெம்டோசெகண்ட் லேசர் வைத்திருப்பவர்கள் பல்ஸின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். பல கண்ணாடிகள் கொண்ட ஆப்ஜெக்டிவ் வழியே போகும்போது பல்ஸ் விரியும். 4000 சதுர ஃபெம்டோசெகண்ட் பரவல் (கண்ணாடியில் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதன் அளவு) சேர்ந்தால் 100 என்பது ஏறக்குறைய 150 ஆகிவிடும். அதே பரவல் 300 ஃபெம்டோசெகண்ட் பல்ஸை ஒரு விழுக்காடுகூட மாற்றாது. 800 நானோமீட்டரின் நான்கு ஃபோட்டான் வேலையில் இந்த ஒன்றரை மடங்கு விரிவு பெரிய இழப்பு.

அறிகுறி: முன்பக்கம் சுத்தம், பின்பக்கம் கருக்கிறது

தகட்டைத் திருப்பிப் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மேலிருந்து பார்த்தால் அழகான கருப்புக் கோடு, நகத்தால் உரசினாலும் போகாது. ஆனால் மின்தடை அளந்தால் எல்லையில்லாமல் போகும், ஏனென்றால் கோடு இருப்பது அடிப்பக்கத்தில். மைக்ரோஸ்கோப்பில் கோடும் முன்பரப்பின் தூசியும் ஒரே ஃபோக்கஸில் வருகின்றனவா என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஏன் இப்படி? முதல் காரணம், வெளியேறும் பரப்பில் திரும்பும் ஒளியும் போகும் ஒளியும் கூடுவதால் அங்கே செறிவு கல்லின் உட்பகுதியில் இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாவது, சுயக்குவிப்பு. வைரத்தில் திறன் சுமார் அரை மெகாவாட்டைத் தாண்டினாலே ஒளிக்கற்றை தன்னைத் தானே குவித்துக்கொள்ளத் தொடங்கும். 5 மைக்ரோஜூலை 300 ஃபெம்டோசெகண்டில் அடைத்தால் 16 மெகாவாட்டுக்கு மேல். முன்பரப்பில் மாற்றம் தொடங்கவில்லை என்றால் அவ்வளவு திறனும் உள்ளே நுழைந்து, வழியில் சுருங்கி, எங்காவது கல்லின் உடலிலோ பின்பரப்பிலோ காயம் செய்யும். மூன்றாவது, பின்பக்கம் ஒட்டியிருக்கும் பசை, டேப், உலோகம், கைரேகை. அங்கே ஒரு கரும்புள்ளி விழுந்தால் போதும். கிராஃபைட் அங்கிருந்து லேசரை நோக்கி, அதாவது மேல்நோக்கி, வளர்ந்துகொண்டே வரும். ஆழத்தில் கம்பி எழுதுகிறவர்கள் இந்த வளர்ச்சியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நமக்கு இது வேண்டாத விருந்தாளி.

திருத்தும் வழி: ஃபோக்கஸை முன்பரப்புக்கு மேலே காற்றில் கொஞ்சம் தூக்கி வையுங்கள். கற்றை உள்ளே போகும்போது விரிந்துகொண்டே போகும், பின்பரப்பில் செறிவு குறையும். எண் துளை அதிகமான (ஒளியை அகன்ற கோணத்தில் குவிக்கும்) லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. தகட்டைப் பரப்பு முழுவதும் ஒட்டாமல் ஓரங்களை மட்டும் தாங்கும் சட்டத்தில் வையுங்கள், அடியில் காற்று இருக்கட்டும். பல்ஸ் நீளத்தை மாற்ற முடிந்தால் ஒன்றிரண்டு பிகோசெகண்டுக்கு நீட்டிப் பாருங்கள். சுயக்குவிப்பு திறனைப் பொறுத்தது, நீட்டினால் திறன் குறையும். 515 நானோமீட்டர் பச்சை ஒளி கையில் இருந்தால் அதுவும் உதவும், ஏனென்றால் மூன்று ஃபோட்டான் போதும் என்பதால் முன்பரப்பில் தொடக்கம் எளிதாகிவிடும். எதைச் செய்தாலும் ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் தகட்டைத் திருப்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முன்பரப்பைப் பற்றிய முடிவுகளைவிட பின்பரப்பைப் பற்றிய முடிவு முக்கியம் என்பேன்.

அறிகுறி: கோடு விட்டு விட்டு விழுகிறது

தொடக்கம் நடக்கும் இடங்களில் கருப்பு, மற்ற இடங்களில் வெறும் கல். நீங்கள் வாசல் மதிப்பின் விளிம்பிலேயே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பாலிஷ் கீறல் இருக்கும் இடத்தில், தூசி இருந்த இடத்தில், பல்படிகமானால் படிக எல்லைகளில் மாற்றம் முந்திக்கொள்ளும்.

இங்கே எல்லோரும் செய்வது ஆற்றலைக் கூட்டுவது. அப்படிச் செய்தால் ஏற்கெனவே கருத்த இடங்கள் பெயர்ந்துவிடும். அதைவிட நல்ல வழி, தொடக்கத்தையும் தொடர்ச்சியையும் பிரித்துவிடுவது. வேலைப்பகுதிக்கு வெளியே, தகட்டின் ஓரத்தை விட்டுத் தள்ளி, அதிக ஆற்றலில் ஒரு சின்னக் கருப்புத் திட்டு போடுங்கள். அங்கிருந்து கோட்டை இழுத்து வாருங்கள், ஆற்றலைக் குறைத்து. பல்ஸ்கள் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். 200 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் நொடிக்கு 200 மில்லிமீட்டர் வேகம் என்றால் அடுத்தடுத்த பல்ஸ்களுக்கு இடையே 1 மைக்ரான். 20 மைக்ரான் விட்டத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் 20 பல்ஸ்கள் விழும். கருத்த முனை அடுத்த பல்ஸுக்கு விதையாக நிற்கும், கோடு அறுபடாது. வேகத்தை இருமடங்காக்கி இடைவெளி வந்தால், வேகத்தைப் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள். ஆற்றலைத் தொட வேண்டாம்.

அறிகுறி: கருப்பு இருக்கிறது, துடைத்தால் போய்விடுகிறது

பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒருமுறை இழுங்கள். குச்சி கருத்து, கல் வெளுத்தால் அது ஆவியாகிப் பறந்து மறுபடி படிந்த புகைக்கரி. பெரும்பாலும் கோட்டின் இரு பக்கமும் மங்கலான நிழலாக விரிந்திருக்கும். ஃப்ளூயன்ஸ் அதிகம், கிராஃபைட்டாக மாறியது உடனே பெயர்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றலை இறக்குங்கள், புகை உறிஞ்சும் குழாயைக் கல்லுக்கு அருகே கொண்டு வாருங்கள். நைட்ரஜன் ஊதினால் ஒரு பக்கமாக மட்டும் ஊதுங்கள்.

ராமன் நிறமாலை (சிதறும் லேசர் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் அளவீடு) எடுத்தும் இதைப் பிரிக்க முடியாது, புகைக்கரியும் ஒழுங்கற்ற கார்பனின் அதே பட்டைகளைத்தான் காட்டும். அதனால் துடைப்பது முதலில், ராமன் பிறகு. இந்த வரிசையை மாற்றியவர்கள் புகையைப் பற்றி நல்ல நல்ல நிறமாலைகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள்.

அறிகுறி: பள்ளம் விழுகிறது, கருப்பு இல்லை

இதற்கு எதிரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. பள்ளம் மைக்ரான் கணக்கில் ஆழமாக இருந்தால் ஃப்ளூயன்ஸ் மிக அதிகம், அல்லது காற்றில் ஒரே இடத்தில் பலமுறை ஓட்டியிருக்கிறீர்கள். உருவாகும் கிராஃபைட் பெயர்ந்தும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்தும் போய்விடுகிறது. ஆற்றலைக் குறையுங்கள், ஓட்டங்களைக் குறையுங்கள், முடிந்தால் ஆர்கான் சூழலில் செய்யுங்கள்.

பள்ளம் சில நானோமீட்டர் மட்டும், அதுவும் மிகப் பெரிய எண்ணிக்கையில் பல்ஸ் அடித்த பிறகு என்றால், காரணம் நேரெதிர்: ஆற்றல் போதவில்லை. வாசல் மதிப்புக்குக் கீழே காற்றில் வைரம் கிராஃபைட்டாகாமலேயே ஒரு பல்ஸுக்கு ஓர் அணு அடுக்கிலும் மிகச் சிறிய பங்காகத் தேய்ந்துகொண்டிருக்கும். மாஸ்கோ பொது இயற்பியல் நிறுவனத்தில் விட்டலி கோனோவின் குழு நானோ-அப்ளேஷன் என்று ஆராய்ந்த நிகழ்வு இது. மேற்பரப்பைத் துல்லியமாகச் செதுக்க நினைப்பவர்களுக்கு அருமையான கருவி, ஆனால் தடம் எழுத நினைக்கும் நமக்கு ஆற்றலைக் கூட்டச் சொல்லும் அறிகுறி. ஆழத்தை அளக்காமல் எந்தப் பக்கம் திருகுவது என்று முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: வானவில் நிறம் அடிக்கிறது

விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தடம் பச்சையும் ஊதாவுமாக மின்னும். லேசரே எழுதிய சிற்றலைகள் அவை. நேர்முனைவாக்கம் கொண்ட (மின்புலம் ஒரே திசையில் அதிரும்) ஒளியில் வரிகள் மின்புலத்துக்குச் செங்குத்தாக நிற்கும். இடைவெளி அலைநீளத்தை ஒட்டியும் வரும், அதைவிட மிகச் சிறியதாகவும் வரும். 800 நானோமீட்டரில் 170 நானோமீட்டர் அளவு வரிகள் வருவது வழக்கம். இத்தாலியில் டேனியலே ட்ருக்கியின் குழு இதே வரிகளைத் திட்டமிட்டு எழுதித்தான் சூரிய ஒளியை விழுங்கும் கருப்பு வைரத்தை உருவாக்கியது. ஆகவே இது கோளாறா இல்லையா என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது.

மின்தடமாக வேண்டுமென்றால் கவனிக்க வேண்டும், வரிகளின் வழியே மின்தடை ஒன்றாகவும் குறுக்கே வேறாகவும் இருக்கும். கால்-அலைத் தகடு ஒன்றைச் செருகி வட்ட முனைவாக்கமாக்கினால் வரிசை குலைந்துவிடும். அல்லது மின்னோட்டம் வரிகளோடு ஒரே திசையில் போகும்படி முனைவாக்கத்தைத் திருப்புங்கள்.

அறிகுறி: கோட்டின் இரு முனையிலும் கரும்புள்ளி

கால்வோ கண்ணாடி திரும்பும் இடத்தில் வேகம் குறைகிறது, பல்ஸ்கள் குவிகின்றன. மென்பொருளில் ஸ்கைரைட்டிங் வசதியை இயக்குங்கள், கண்ணாடி முழு வேகம் எடுத்த பிறகுதான் லேசர் திறக்கும். தொடக்க முனையில் மட்டும் புள்ளி என்றால் லேசர் நின்று தொடங்கும்போது முதல் பல்ஸ் பெருத்து வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

அறிகுறி: விரிசல், செதில்

வைரத்தின் அடர்த்தி 3.51, கிராஃபைட்டின் அடர்த்தி 2.26. அதே அணுக்களுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். மேற்பரப்பில் மேல்நோக்கிப் புடைக்க வழி இருப்பதால் மெல்லிய படலம் பொறுத்துக்கொள்ளும். தடிமன் ஏற ஏற அழுத்தம் அடியில் இருக்கும் வைரத்தைப் பிளக்கும், பிளவு வைரம் எளிதில் உடையும் 111 தளங்களின் வழியே ஓடும் (111, 100 என்பவை படிகத் தளங்களின் திசையைக் குறிக்கும் எண்கள்). 100 முகத்தில் எழுதும்போது விரிசல் சாய்வாக உள்ளே இறங்குவது அதனால்தான்.

எழுதும் முன்பே தகட்டைக் குறுக்கு முனைவாக்கிகளுக்கு இடையே வைத்துப் பாருங்கள். பிரகாசமான திட்டுகளும் சிலுவை வடிவங்களும் உள்ளழுத்தம் இருக்கும் இடங்கள், அவற்றைத் தவிர்த்து எழுதுங்கள். எழுதிய பிறகும் ஒருமுறை பாருங்கள், விரிசல் விழுமுன்பே அழுத்தம் அங்கே தெரியும். தடத்தைத் தகட்டின் ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள், ஆழத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

இன்னொரு காரணம் தகடு முழுவதும் சூடாவது. வைரம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும், ஒரு மைக்ரோசெகண்டில் சுமார் 70 மைக்ரான் தூரம் பரவிவிடும். அதனால் பல்ஸுக்குப் பல்ஸ் ஒரே புள்ளியில் சூடு தேங்குவது குறைவு. ஆனால் அந்தச் சூடு தகட்டை விட்டு வெளியேற வேண்டுமே! சட்டத்தில் காற்றில் தொங்கும் சின்னத் தகட்டில் பல வாட் திறனை நிமிடக்கணக்கில் இறக்கினால் முழுத் தகடும் கொதிக்கும். பின்பக்கத்தைக் காக்கக் காற்றில் தொங்கவிடச் சொன்னேன், இங்கே அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓரங்களைப் பித்தளைச் சட்டத்தில் நன்றாக அழுத்திப் பிடித்து, திறனைக் குறைத்து, இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

அறிகுறி: ராமன் நிறமாலை குழப்புகிறது

வைரத்தின் ராமன் கோடு 1332-ல் வரும் (எல்லாம் செமீ⁻¹ அலகில்). சி. ராமசாமி இதை 1930-லேயே நேச்சர் இதழில் அறிவித்தார், ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகளில். கிராஃபைட்டின் ஜி பட்டை 1580 அருகே. ஒழுங்கின்மையைக் காட்டும் டி பட்டை, டுயின்ஸ்ட்ராவும் கோனிக்கும் 1970-ல் விளக்கியது, பச்சை லேசரில் 1350 அருகே. வைரக் கோடும் டி பட்டையும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் குழப்பம் இயல்பு. அகலத்தைப் பாருங்கள். நல்ல வைரத்தின் கோடு ஊசிபோல் நிற்கும், டி பட்டை மலைபோல் பரந்திருக்கும்.

1332 பலமாக வருகிறது, எனவே கிராஃபைட் ஆகவில்லை என்று முடிவு செய்கிறவர்கள் நிறையப் பேர். தவறு. மேலே 50 நானோமீட்டர் கிராஃபைட், கீழே அரை மில்லிமீட்டர் வைரம். ராமன் லேசர் மேல்படலத்தை ஊடுருவி அடியைப் பார்க்கிறது. பரந்த டி, ஜி பட்டைகள் கூடவே இருந்தால் கிராஃபைட் இருக்கிறது. 1332 முற்றிலும் மறைந்தால்தான் படலம் தடிமனாகிவிட்டது என்று பொருள்.

பலரையும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சிவிடி வைரத்தில் நைட்ரஜனும் வெற்றிடமும் (அணு இல்லாத காலி இடம்) சேர்ந்த ஒளிமையங்கள் சாதாரணம், லேசர் பட்ட இடத்தைச் சுற்றி அவை கூடவும் செய்யலாம். மின்னூட்டமற்ற மையம் 575 நானோமீட்டரில் ஒளிரும். 532 நானோமீட்டர் ராமன் லேசரில் அந்த 575 எங்கே விழும் என்று கணக்கிட்டால் 1406! டி-க்கும் ஜி-க்கும் நடுவே, புதிய கார்பன் கட்டம் ஒன்று கிடைத்துவிட்டதுபோல் கம்பீரமாக நிற்கும். சோதிக்க எளிய வழி, வேறு நிற லேசரால் எடுப்பது. 514.5 நானோமீட்டரில் அதே ஒளிர்வு 2045-க்கு ஓடிவிடும். 633-ல் காணாமலே போகும். ராமன் கோடு எந்த லேசரிலும் தன் இடத்தை விடாது. டி பட்டை மட்டும் லேசர் நிறத்தோடு கொஞ்சம் நகரும், ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 50.

ராமன் லேசரின் திறனையும் குறைத்தே வையுங்கள், ஒரு மில்லிவாட் அளவில். கருப்புப் படலம் சூடானால் ஜி பட்டை கீழிறங்கும். நீங்கள் அளப்பது உங்கள் வேலையையா ராமன் லேசரின் வேலையையா என்று பிறகு சொல்ல முடியாது.

அறிகுறி: மின்தடை எதிர்பார்த்ததைவிட அதிகம், அல்லது சந்தேகத்துக்குரிய அளவு குறைவு

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்வோம். படலம் 50 நானோமீட்டர், மின்தடை எண் 0.01 ஓம்-சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு சதுரத்துக்கு, அதாவது நீளமும் அகலமும் சமமான ஒரு துண்டுக்கு, 2000 ஓம். 20 மைக்ரான் அகலம், 2 மில்லிமீட்டர் நீளமுள்ள தடத்தில் 100 சதுரங்கள், ஆக 2 லட்சம் ஓம். லேசர் எழுதும் கிராஃபைட் நானோ துகள்களாலான ஒழுங்கற்ற பொருள், பாடப்புத்தகக் கிராஃபைட்டின் எண்ணை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. 2 லட்சத்துக்குப் பதில் கோடி வந்தால் தடம் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது தொடுமுனை சரியில்லை. நான்கு முனை வைத்து அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

மிகக் குறைவாக வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். தடமே இல்லாத இடத்தில் இரண்டு முனைகளை வைத்து அளந்து பாருங்கள். அங்கேயும் கடத்துகிறதா? சிவிடி வளர்ந்த கையோடு வரும் மேற்பரப்பில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும், அது காற்றுபட்டால் மேற்பரப்பே கடத்தும், சதுரத்துக்குச் சுமார் 10 ஆயிரம் ஓம். உங்கள் 2 லட்சம் ஓம் தடத்தைச் சுற்றி அதைவிட எளிதான பாதை திறந்திருக்கிறது, நீங்கள் அளந்தது அதைத்தான். எழுதுவதற்கு முன்பே அமிலத்தில் கொதிக்கவைத்து மேற்பரப்பை ஆக்ஸிஜன் ஒட்டிய நிலைக்கு மாற்றிவிடுங்கள். எழுதிய பிறகு செய்தால் அதே அமிலம் தடத்தையும் தின்றுவிடும்.

அறிகுறி: நேற்று வந்தது, இன்று வரவில்லை

லேசர் சூடேற நேரம் கொடுத்தீர்களா, லென்ஸின் அடிப்பரப்பில் புகைக்கரி படிந்திருக்கிறதா, ஆற்றல் கல் இருக்கும் இடத்தில் நேற்றைய அளவுதானா. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

தவறிய தடத்தை அழித்து மறுபடி எழுத வேண்டும்

இரண்டு வழிகள். ஒன்று, அடர் கந்தக அமிலத்தோடு நைட்ரிக் அமிலம் அல்லது பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்து 200 டிகிரி அளவில் கொதிக்கவைப்பது. புகைக்கூண்டு, முகக்கவசம், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில், இவை இல்லாமல் கூடாது. மற்றது காற்றில் 500 முதல் 550 டிகிரி உலை. கிராஃபைட் எரிந்துபோகும், வைரம் எரியத் தொடங்கும் வெப்பம் அதைவிடக் கணிசமாக அதிகம். உலோகத் தொடுமுனை போட்டிருந்தால் அது எதைத் தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கருப்பு போன பிறகு அந்த இடம் மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தாலும் அது பழைய வைரம் அல்ல. மெல்லிய பள்ளமும் அடியில் குலைந்த படிகமும் மிச்சம் இருக்கும், அவை எல்லாம் தயாராகக் காத்திருக்கும் விதைகள். அதே இடத்தில் மறுபடி எழுதினால் மாற்றம் குறைந்த ஆற்றலிலேயே தொடங்கும். தடம் எழுத அது வசதிதான், ஆற்றலை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாசல் மதிப்பு அளக்கும் சோதனையை அங்கே வைக்காதீர்கள். அதற்குத் தகட்டில் லேசரே படாத ஒரு மூலையை ஆரம்பத்திலேயே ஒதுக்கி, குறிப்பேட்டில் படம் வரைந்து குறித்து வையுங்கள்.